முழு நிமிடம்

"நாப்பத்து நாலு. வெறும் சளிதான். பால் குடு, கதகதப்பா வச்சுக்க. அடுத்த டோக்கன்!"

சுகாதார நிலையத்துச் செவிலியர் மூச்சை எண்ணி முடித்து, குழந்தையின் மேலிருந்து கையை எடுத்துவிட்டார். ஆனால் அந்தத் தாய் மேசையை விட்டு நகரவில்லை. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள் அவள். மூன்று துணி சுற்றிய ஏழு மாத மகன் அவள் மடியில் கண்மூடிக் கிடந்தான்.

"சிஸ்டர், நீங்க கால் நிமிஷந்தான் எண்ணினீங்க."

"பதினொண்ணு வந்துச்சு. நாலால பெருக்கினா நாப்பத்து நாலு. எனக்கும் கணக்கு வரும்மா."

"நான் காலையில ரெண்டு தடவ முழு நிமிஷம் எண்ணினேன். ஒரு தடவ அம்பத்தெட்டு, ஒரு தடவ அறுபது. இந்த வயசுல அம்பதத் தொட்டாலே தூக்கிட்டு ஓடி வான்னு தடுப்பூசி அன்னைக்கு நீங்கதான் சொன்னீங்க. ஓடி வந்துட்டேன்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. கூட வந்த நாத்தனார் அவள் தோளை இடித்தாள். வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு வானொலி என்று பெயர். "அண்ணி, வா போகலாம். ஃபேக்டரியில போட்ட சண்ட பத்தாதா? நாலு பேரு பாக்குறாங்க."

தொழிற்சாலையில் நடந்ததும் இதே கணக்குதான். மேற்பார்வையாளர் கடிகாரத்தோடு வந்து கால் நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு, நாலால் பெருக்கி, அதை அறுபதால் பெருக்கி, மணிக்கு இத்தனை காலர் என்று எழுதிக்கொண்டு போனார். "நூல் அறுந்தா யாரு கோக்கறது? ஊசி உடைஞ்சா யாரு மாத்தறது? ஒரு மணி நேரம் உக்காந்து எண்ணுங்க சார்" என்று அவள் எழுந்து நின்றாள். அவர் உட்கார வேண்டியதாயிற்று. மணிக்குத் தைக்கவேண்டிய காலர் கணக்கு குறைந்தது. துண்டை நாலால் பெருக்கினால் முழுசு ஆகிவிடாது என்று அவள் கற்றுக்கொண்டது அங்கேதான்.

"குழந்தைங்க ஒரே சீரா மூச்சு விடாதுங்க சிஸ்டர். கொஞ்சம் மெதுவா, அப்புறம் வேகமா. துணிய விலக்கி முழுசா எண்ணுங்க. அதுக்கப்புறம் போன்னு சொன்னா போயிடறேன். அதுவரைக்கும் போலீஸே வந்தாலும் நகர மாட்டேன்."

"நாப்பது பேரு நிக்கறாங்கம்மா. ஆளுக்கு ஒரு நிமிஷம்னா நான் எங்க போவேன்?"

செவிலியர் கெட்டவர் அல்ல. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவர்.

வரிசையில் அடுத்து நின்றவர் ஒரு லாரி ஓட்டுநர், கையில் கட்டோடு. அவர் தன் டோக்கனை மேசையில் வைத்தார். "என் நிமிஷத்த அந்தப் பிள்ளைக்குக் குடுங்க சிஸ்டர். என் கை எங்கயும் ஓடிப் போயிடாது."

இறைவன் பெரிய வரங்களை அடிக்கடி தருவதில்லை. பெரும்பாலும் இப்படித்தான், யாரோ ஒருவர் கையில் ஒரு நிமிடத்தைக் கொடுத்து அனுப்புகிறான்.

செவிலியர் பெருமூச்சு விட்டு, துணிகளை விலக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூடத்தில் ஒரே இரைச்சல். குழந்தை முகம் சுளித்தது. அழுதால் எண்ணிக்கை வீண்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் வாய மூடுங்க!" என்று கத்தாத குறையாய்க் கிசுகிசுத்தவள் வானொலிதான். அவளே அமைதி கேட்டதைப் பார்த்து அண்ணிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வரப் பார்த்தது.

முதல் கால் நிமிடம். பதினொன்று. 'பார்த்தாயா' என்பதுபோல் செவிலியர் கண்ணை உயர்த்தினார். தாய் அசையவில்லை. அடுத்த காலில் மூச்சு விரைந்தது. பதினாறு கூடியது. பிறகு பதினேழு. விலா எலும்புக்குக் கீழே, மூச்சை இழுக்கும்போதெல்லாம், சதை உள்ளே குழிந்தது. துணிக்குள் இருந்தவரை யார் கண்ணிலும் படாத குழி அது. கடைசிக் காலில் இன்னொரு பதினேழு.

"அறுபத்தொண்ணு," என்றார் செவிலியர். குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு மருத்துவர் அறைக்குள் நுழைந்தார்.

மருத்துவர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். கால் விரலில் ஒரு கவ்வியை மாட்டி, இரத்தத்தில் ஆக்ஸிஜன் போதுமான அளவு இருப்பதைப் பார்த்தார். "நிமோனியா. நுரையீரல்ல கிருமி. பால் குடிக்கிறானா?"

"குடிக்கிறான். விட்டு விட்டு."

"நல்லவேளை, இன்னைக்கே வந்தீங்க. மருந்து வீட்டுலயே குடுக்கலாம். பால் குடிக்கல, எழுப்பினா முழிக்கல, உதடு நீலமாச்சு, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் நேரா பெரிய ஆஸ்பத்திரி. காத்திருக்காதீங்க. இல்லேன்னா மூணாம் நாள் இங்க வாங்க."

முதல் வேளை மருந்தைச் செவிலியரே அளந்து, சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். "கோவிச்சுக்காதம்மா," என்றார்.

"கோவமெல்லாம் இல்ல சிஸ்டர். ஆனா அடுத்த பிள்ளைக்கும் முழுசா எண்ணணும்."

மூன்றாம் நாள், கேட்காமலேயே துணி விலகியது. கடிகார முள் ஒரு முழுச் சுற்று வந்தது. முப்பத்தெட்டு. குழி இல்லை. குழந்தை செவிலியரின் கடிகாரத்தைப் பிடித்து இழுத்தான்.

வெளியே வந்ததும் வானொலி மீண்டும் தொடங்கினாள். "அதான் நல்லாயிட்டானே அண்ணி. மருந்தத் துப்புறான், பாவம். நிறுத்திடலாமா?"

"அஞ்சு நாள்னு சொல்லியிருக்காங்க. இன்னும் ரெண்டு நாள் பாக்கி."

"உன்கிட்ட எதையும் பாதியில விட முடியாதா?"

"முடியாது," என்றாள் அவள். மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மருந்துப் புட்டியை நன்றாகக் குலுக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.