மான் தின்ன மிச்சம்

முந்தின வருஷம் மழை பொய்த்ததால், எண்பத்துமூன்றாம் வருஷக் கோடையில் பாஷாண் குன்றில் பச்சை என்று பேருக்குக்கூட எதுவும் இல்லை. புள்ளிமான்கள் இறங்கி வந்து வீட்டுத் தோட்டங்களில் புகுந்தன. ஈஸ்டருக்குக் கோயில் பீடத்தை அலங்கரிப்பது மேவிஸ் டீச்சரின் பொறுப்பு. அதற்காகவே வளர்த்த ரோஜாக்களை மான்கள் மொட்டோடு மேய்ந்துவிட்டன. பழைய புடவைகளைக் கிழித்து வேலி கட்டினாள். புடவையையும் மென்றன.

பக்கத்து வீட்டு அனந்தராமன் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். அவருடைய டாலியாப் பூச்செடிகளும் போயிருந்தன.

"ஆள் வச்சு ஏற்பாடு பண்ணிட்டேன் டீச்சர். இனி வராது."

என்ன ஏற்பாடு என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த புதரில் ஒரு பெண்மான் கம்பிக் கண்ணியில் கால் மாட்டித் துடித்துக்கொண்டிருந்தது. மேவிஸ் துண்டால் அதன் கண்ணை மூடி அமுக்கிக்கொள்ள, கணவர் மரியஜோசப் குறடால் கம்பியை வெட்டினார். மான் உதைத்த உதையில் அவள் மணிக்கட்டு வீங்கிப்போனது. அது நொண்டியபடியே குன்றேறி மறைந்தது.

அனந்தராமன் ஓடிவந்தார். "என்ன டீச்சர் இது! உங்க பூவும்தானே போச்சு?"

"போச்சு சார். அதுக்குத் திட்டுவேன், விரட்டுவேன். காலை அறுக்க விடமாட்டேன்."

"கமிட்டியில சொல்வேன்."

"சொல்லுங்க. நானும் வரேன்."

காலனி கமிட்டியில் எல்லாரும் அவர் பக்கம்தான். ரத்தம் காய்ந்த கம்பியை மேவிஸ் மேஜைமேல் போட்டாள்.

"அடுத்த கம்பி ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போகும். யார் கட்டினதுன்னும் சொல்லிடுவேன்."

அதன்பிறகு யாரும் கண்ணி வைக்கவில்லை. அனந்தராமன் அவளிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் தோட்டத்தில் மிஞ்சியிருந்தது மான் வாய் வைக்காத நித்தியகல்யாணி மட்டும். கூடை நிறையப் பறித்துக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மில்ட்ரெட் பதறினாள்.

"ஐயோ அக்கா, சுடுகாட்டுப் பூவையா பீடத்துல வைக்கிறது?"

"கல்லறை திறந்த நாளுக்கு வேற என்ன பூ வைப்பாங்க? அந்த ஜாடியை இப்படித் தள்ளு."

வீங்கிய கையாலேயே அடுக்கி முடித்தாள். ஈஸ்டர் பூசையில் பலர் முகம் சுளித்தார்கள். அவள் முன்வரிசையில் உட்கார்ந்து உரக்கப் பாடினாள்.

ஜூனில் மழை பிடித்ததும் புதிய ரோஜாக் கன்றுகள் நட்டாள்.

"மறுபடி வந்து தின்னுட்டுப் போகும்," என்றார் மரியஜோசப்.

"வரட்டுமே," என்று மண்ணை அழுத்தினாள். "நான் எங்கேயும் போகலையே."