பெத்தேல் தெரு ஒருவழிப் பாதை ஆன வரலாறு

இலுப்பந்தாங்கல் நகர்மன்றம் பெத்தேல் தெருவை ஒருவழிப் பாதையாக்கித் தீர்மானம் போட்ட அன்று மதியத்திலிருந்து, அந்தத் தெருவை விட்டு வெளியே வந்தவர் ஒருவராலும் திரும்ப உள்ளே போக முடியவில்லை. வெளியே வரத் தடை ஏதும் இல்லை. உள்ளே போகத்தான் முடியாது. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து தெருவுக்குள் காலை எடுத்து வைத்தால், வைத்த கால் மறுபடியும் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே நிற்கும். முகம் மட்டும் பஸ் ஸ்டாப்பைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஒருவழிப் பாதை என்பது ஊருக்குப் புதிதல்ல, ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வந்துவிட்டுப் போகிறோம். பெத்தேல் தெருவுக்கோ மறுமுனை என்பதே கிடையாது. நேராகப் போய் ரயில்வே காம்பவுண்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். முட்டுச்சந்தை ஒருவழிப் பாதையாக்கிய ஊர் பொத்தேரிக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே வேறெதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

எப்படி நடந்தது என்றால், எல்லாம் நடக்கிற மாதிரிதான் நடந்தது. இலுப்பந்தாங்கல் மன்றக் கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் குப்பை வண்டிக்கும் தெருவிளக்குக்கும் சண்டை போடுவார்கள். பிறகு கீழே பிரியாணி அண்டாவைத் திறப்பார்கள். அந்த வாசம் மாடிப்படி ஏறி மன்றத்துக்குள் வந்ததும் யாராவது ஒரு உறுப்பினர் “ஆல் பாஸ்” என்பார், மற்றவர்கள் மேஜையைத் தட்டுவார்கள், அஜெண்டாவில் மிச்சமிருக்கும் பொருள்கள் அத்தனையும் வாசிக்கப்படாமலேயே நிறைவேறிவிடும். பொறியியல் பிரிவில் யாரோ செல்போன் வரைபடத்தைப் பார்த்துத் தயாரித்த ஒருவழிப் பாதைப் பட்டியலும் அந்த மிச்சத்தில்தான் கிடந்தது. வரைபடத்தில் ரயில்வே சுவர் தெரியவில்லை. அன்றைக்கு “ஆல் பாஸ்” என்று முதல் குரல் கொடுத்து மேஜையையும் தட்டியவள் ஒன்பதாவது வார்டு கவுன்சிலர் ஜெயசீலி. அவள் வீடு பெத்தேல் தெருவில்தான் இருந்தது.

ஜெயசீலிக்கு அன்று காட்டாங்குளத்தூரில் ஒரு கால்வாய்ப் பிரச்சினையைப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது, அதனால் அவசரம். அவளுக்கு என்றைக்குத்தான் அவசரம் இல்லை? கால் வீட்டில் தங்காது. காலையில் ஜெபக்கூட்டம், பத்து மணிக்கு ரேஷன் கடைத் தகராறு, மதியம் யார் வீட்டுக் கல்யாணப் பந்தியிலோ ஒரு வாய், சாயங்காலம் வார்டு. அவள் கணவர் ஏசுபாதம், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், வீட்டைவிட்டு வாசலுக்கு வருவதற்கே யோசிக்கிற மனிதர். “இந்த வூட்டுக்கு நீ கெஸ்ட்டுதான்” என்று அன்று காலைகூடச் சொல்லியிருந்தார். கேட்டபடியே அவள் செருப்பை மாட்டினாள். ஆட்டோ நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் தெருமுனையில் வேலைக்குப் போனவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு நின்றவர்களும் சேர்ந்து பெரிய கூட்டமாகிவிட்டது. ஒவ்வொருவராக உள்ளே போய் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். ஜெயசீலி மூன்று முறை போய்ப் பார்த்தாள். ரயில்வே சுவரேறிக் குதித்துப் பார்த்த இளைஞர்கள் தண்டவாளத்துப் பக்கமே விழுந்தார்கள். இரண்டு மூன்று நாளில் விதிமுறை எல்லோருக்கும் பிடிபட்டது. நகராட்சியின் அதிகாரம் எதன்மேல் உண்டோ அதெல்லாம் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டது. மனிதர்கள், மாடுகள், தள்ளுவண்டிகள், தெருவில் பேசுகிற பேச்சு, எல்லாம் வெளியே வரும், உள்ளே போகாது. மின்சாரம் வாரியத்தைச் சேர்ந்தது என்பதால் தடையில்லாமல் போயிற்று. செல்போன் மத்திய அரசு விவகாரம், அதுவும் போயிற்று. தபால்காரம்மா ஜோவிதாவும் மத்திய அரசு ஊழியர்தான். அவள் எப்போதும்போல சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போய் எப்போதும்போல வெளியே வந்தாள். அன்றிலிருந்து தெருவுக்கு அரிசி, பருப்பு, மாத்திரை, மீன் எல்லாமே பதிவுத் தபாலில் போயிற்று. மீன் போகிற நாளில் ஜோவிதா மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வாள்.

ஏசுபாதம் வெளியே வரமாட்டேன் என்றுவிட்டார். தெருமுனைக்கு வந்து நிற்பார். அவர் பேசுவது அவளுக்குக் கேட்கும், அவள் பேசுவது அவருக்குக் கேட்காது. அதனால் பத்தடி இடைவெளியில் ஒருவரையொருவர் பார்த்தபடி இருவரும் போனில் பேசினார்கள்.

“வெளிய வந்துடுங்க. பொத்தேரில ரூம் எடுத்திருக்கேன். மாடில காலேஜ் பசங்க, கொஞ்சம் சத்தம், அவ்ளோதான்.”

“நான் இன்னா தப்பு பண்ணேன், நான் ஏன் வரணும்? மேஜைய தட்டினது நீ. நீ மாத்து.”

அதற்கு மேல் அந்த மனிதரிடம் பேச முடியாது. முப்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த விஷயம் அது. ஆனால் வீம்புக்காக மட்டும் அவர் உள்ளே இருக்கவில்லை. ஒரு தெருவில் ஒருத்தர்கூடக் குடியில்லாமல் போனால் அதைக் காலி இடமாக அறிவித்து வாகன நிறுத்தம் கட்டலாம் என்று வருவாய்ப் பிரிவில் பேச்சு அடிபட்டது. மற்றவர்களெல்லாம் பிள்ளைகள் படிப்பு, வேலை, பிரசவம் என்று ஒவ்வொரு குடும்பமாகப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் தெருவில் ஏசுபாதமும் இரண்டு நாய்களும்தான் மிச்சம். சமைக்கத் தெரியாதவர், ரொட்டியை ஊறுகாயில் தொட்டுத் தின்றுகொண்டு முழுத்தெருவையும் காவல் காத்தார். “சார் சவரமே பண்றதில்லக்கா. நேத்து என்னை நிக்கவெச்சு அரை மணி நேரம் பேசினாரு. எங்கிட்டபோய் அவருக்குப் பேச என்ன இருக்கு?” என்றாள் ஜோவிதா. அதைக் கேட்டதிலிருந்து ஜெயசீலிக்கு நெஞ்சு ஒரு நிலையில் இல்லை. கால்வாய் பார்க்கப் போன இடத்தில் கால்வாயைப் பார்க்காமல் நின்றாள். ஊரெல்லாம் சுற்றுகிற சுதந்திரம் முழுசாக வாய்த்திருந்தது, சுற்றப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ரத்து செய்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பீர்கள். போட்ட தீர்மானத்தை ஆறு மாதத்துக்குள் தொடக்கூடாது என்று விதி. அந்த ஆறு மாதத்துக்குள் தெருமுனையில் ஒரு ஊரே முளைத்துவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வருகிறவர்களுக்காக முதலில் கேசவன் டீக்கடை போட்டார். பிறகு மெஸ், பிறகு பெட்டி படுக்கை வைக்க ஒரு கொட்டகை, பிறகு பார்சல் கட்டித் தருகிற கடைகள், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக வளையல் கடை, பானிபூரி. எல்லோருக்கும் மன்றம் லைசென்ஸ் கொடுத்தது. நடைபாதைக் கடைக்கு எத்தனை அடி அகலம் என்று மூன்று கூட்டம் விவாதித்தது. பானிபூரி உணவுப் பிரிவா, பொழுதுபோக்குப் பிரிவா என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசிவிட்டு ஒத்திவைத்தது. ஜெயசீலி ஒவ்வொரு முறையும் எழுந்து பெத்தேல் தெரு என்பாள். “உக்காருங்கம்மா, அது அஜெண்டாவுல இல்ல” என்பார் தலைவர் சாம்பசிவன். அவர் கெட்டவர் இல்லை. அஜெண்டாவில் இல்லாதது அவர் கண்ணுக்குத் தெரியாது.

ஆறு மாதம் முடிந்து ரத்துத் தீர்மானம் அஜெண்டாவுக்கு வந்தபோது கடைக்காரர்கள் படிக்கட்டெல்லாம் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். கேசவன் ஜெயசீலியை மறித்துச் சொன்னார்: “அக்கா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா ரோட்டத் தொறந்துட்டா என் கட இன்னாத்துக்கு? லோன் வாங்கிக் கடையப் போட்டுக்கினு கீறேன். நீங்கதான் லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்டீங்க.” அதுவும் உண்மைதான். அவள்தான் போட்டிருந்தாள். உள்ளே ஒரு பாதி உறுப்பினர்கள் கடைக்காரர்கள் பக்கம், மறுபாதி எந்தப் பக்கமும் இல்லை. பொறியாளர் எழுந்து, அம்புக்குறி போர்டுகளுக்குத் தணிக்கையெல்லாம் முடிந்துவிட்டது, ஒருவழிப் பாதையை எடுத்தால் போர்டு ஏன் வாங்கினீர்கள் என்று கேள்வி வரும், வேண்டுமானால் போர்டைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்றார். சாம்பசிவனுக்கு முகம் மலர்ந்தது. அம்பை உள்பக்கமாகத் திருப்பிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம், போகிறவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டுதான் போவார்கள் என்பதால் கடைகளுக்கும் நஷ்டமில்லை. வெளியே வர முடியாது, அவ்வளவுதான்.

“உங்க வார்டும்மா. நீங்க ஒத்துக்கிட்டா இப்பவே முடிச்சுடலாம். இல்லன்னா ஒத்திவைப்பு. இன்னும் ஆறு மாசம்” என்றார்.

ஜெயசீலி சுற்றிலும் பார்த்தாள். இந்த மன்றத்துக்கு வருவதற்கு அவள் இரண்டு தேர்தலில் தோற்றிருக்கிறாள். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி போய்விடும். வார்டு போகும், கூடுவாஞ்சேரி மார்க்கெட் போகும், தாம்பரம் போகிற மின்சார ரயில் போகும். சர்ச்கூட தெருமுனைக்கு வெளியேதான். இன்னும் ஆறு மாதம் காத்திருந்தால் ரத்தாகலாம், ஆகாமலும் போகலாம், அதற்குள் ஏசுபாதம் என்ன ஆவாரோ. கீழே அண்டாவைத் திறந்திருந்தார்கள், வாசம் வந்துவிட்டது. ஆனாலும் யாரும் “ஆல் பாஸ்” என்று குரல் கொடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பொருளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தார்கள். பிறகு மேஜையைத் தட்டினாள்.

தெருமுனைக்கு அவள் வந்து சேர்ந்தபோது போர்டைத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெத்தேல் தெருக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வயசானவர்கள் சிலர் அரிசி மூட்டையோடு உள்ளே போய்விட்டார்கள். பிள்ளை படிக்கிற குடும்பங்கள் வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு மெஸ் பக்கம் திரும்பிவிட்டன. ஒரு மருமகள் போகலாம் என்றாள், மாமியார் மாட்டேன் என்றாள், அந்தச் சண்டை இன்றைக்கும் முடியவில்லை. ஏசுபாதம் தாடியோடு பத்தடி தள்ளி நின்றிருந்தார். இப்போது பேச்சும் திசை மாறியிருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் குரல் போன் இல்லாமல் அவருக்குக் கேட்டது.

“உள்ள வந்தா திரும்ப வர முடியாதாம். அதான் தீர்மானம். வரட்டுமா?”

அவர் ஏதோ சொன்னார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு இரண்டு கையையும் நீட்டி, போ போ என்று விரட்டுகிற மாதிரி ஆட்டினார். ஆறு மாதமாக, நீ மாத்து, நீ மாத்து என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். சட்டைப் பையில் அவருடைய போன் அடித்தது, கூப்பிட்டவள் அவள்தான், அவர் எடுக்கவில்லை. கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணாடிக்குக் கீழே தாடி நனைந்திருந்தது. ஜெயசீலி கேசவனிடம் ஒரு டீ வாங்கிக் குடித்தாள். கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போனாள்.

“இன்னா சொல்லிக்கிட்டு இருந்தீங்க?”

“வராதன்னு சொன்னேன். உன்னால இங்க இருக்க முடியாதுடி. ஒரு வாரம் தாங்க மாட்ட.”

“கையப் பாத்தாலே தெரிஞ்சுது” என்றாள் ஜெயசீலி. “நடங்க, பசிக்குது.”

மூன்று கூட்டம் கழித்து அவள் பதவி போயிற்று. இடைத்தேர்தலில் சத்யபிரியா என்ற பெண் ஜெயித்தாள். இலுப்பந்தாங்கலில் புகாரை நேரில் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும், போனிலோ தபாலிலோ வருவதை எடுத்துக்கொள்வதில்லை. அதனால் பெத்தேல் தெருவிலிருந்து இதுவரை ஒரு புகாரும் வரவில்லை என்று ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் போடுகிறார்கள். மற்ற தெருக்களுக்கும் இதையே செய்தால் என்ன என்று ஒரு உறுப்பினர் கேட்டிருக்கிறார், அது பரிசீலனையில் இருக்கிறது. ஜெயசீலி ஒரு வாரம் தாங்கினாள், அதற்கப்புறமும் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். சாயங்காலமானால் அவளுக்குக் கால் நிற்காது. ஏசுபாதம் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்புவார். ரயில்வே சுவரிலிருந்து முனைவரை, முனையிலிருந்து சுவர்வரை இருவரும் நடப்பார்கள். முனையில் கொஞ்ச நேரம் நின்று, ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற பஸ் எல்லாம் எந்த ஊருக்குப் போகிறது என்று அவள் அவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள்.