நெஞ்சுக்குப் போகும் மூன்று வழி

1.

அண்ணனுக்கு ஒரு போன் செய்ய எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். டாக்டரம்மா என்னிடம் சொன்னது திங்கட்கிழமை. இன்று வியாழன்.

முதலில் இப்படி ஆரம்பித்திருந்தேன்: 'அவனுடைய இதயம் ஓய்ந்துபோன கடிகாரம்போல' (அடித்துவிட்டேன். முப்பது வருஷம் மூட்டை தூக்கியவனுக்குக் கடிகாரம் எதற்கு? இதயத் தசை வீங்கித் தளர்ந்துவிட்டது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறான். அவ்வளவுதான்.)

2.

அண்ணனுக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு பழுது. நல்ல மரபணுவை உள்ளே அனுப்பிப் பார்க்கும் பரிசோதனைச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. தீங்கு செய்யாத ஒரு வைரஸைக் காலிசெய்து, அதற்குள் மரபணுவை ஏற்றுவார்கள். போன மாதம் டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் காகிதத்தில் வரைந்து காட்டினார்.

"கை நரம்புல போடுறது சுலபம். ஆனா பெரும்பகுதி ஈரலுக்குப் போயிடும்."

"பாதி வழியில சரக்க எறக்கிட்டுப் போற லாரி மாதிரி," என்றான் அண்ணன்.

"தொடை வழியா குழாய் விட்டு, இதயத்தோட ரத்தக்குழாய்லயே விடலாம். ஆனா ஓடுற ரத்தம் மருந்த சீக்கிரமே அடிச்சிட்டுப் போயிடும். இல்லன்னா நெஞ்சத் தெறந்து தசையிலயே ஊசி. குத்துன இடத்துல மட்டும் நிக்கும்."

"வாசல்லயே கொண்டுபோய் எறக்குறது. எனக்கு அதையே போடுங்கம்மா."

"மொதல்ல ரத்தம் பாக்கணும். இந்த வைரஸ உங்க ஒடம்பு முன்னாடியே பாத்திருந்தா, எதிர்த்து அழிச்சிடும். அப்புறம் எந்த வழியிலயும் சேத்துக்க முடியாது."

3.

(இங்கே அண்ணனுக்கு ஒரு மனைவியை வைத்திருந்தேன். செய்தியை அவளிடம் சொல்லிவிட்டு நான் நழுவிவிடலாம். பொய், எடுத்துவிட்டேன். அவனுக்கு இருப்பது ஓர் அறை, ஒரு நாற்காலி, என் நம்பர். ஆஸ்பத்திரியில் கொடுத்ததும் அந்த நம்பரைத்தான்.)

அண்ணனின் ரத்தம் அந்த வைரஸை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. சேர்க்க முடியாது.

"யார்கிட்டேருந்து வந்திருக்கும்?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"அத யாராலயும் சொல்ல முடியாது. பாதி ஜனத்துக்கு வந்து போயிருக்கும், தெரிஞ்சே இருக்காது."

பாதி ஜனம் எங்கள் போர்வைக்குள் படுக்கவில்லை. சிறுவயதில் நாங்கள் இருந்தது கட்டட வேலைக்காரர் கொட்டகை, பதினோரு பேர். ஒரு மழைக்காலம் முழுக்க நான் இருமினேன். எல்லாரும் தள்ளிப் படுத்தார்கள். அண்ணன் மட்டும்

(இந்த வாக்கியத்தோடு மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன்.)

4.

முடிவுக்கு என்னிடம் இருப்பவை:

வேறு மருந்து வரும் என்று சொல்கிறேன். வருமா, தெரியாது.

கடிதம் போடுகிறேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து அறைக்காரர் படித்துச் சொல்வார். இது கை நரம்பு வழி.

நேரில் போய்

அதற்குள் அவனே கூப்பிட்டுவிட்டான்.

"என்னடா, ஆளையே காணோம்?"

"கதை எழுதிட்டிருந்தேண்ணே."

"யாரப் பத்தி?"

"மூட்டை தூக்குற ஒருத்தரப் பத்தி."

"கிழிச்ச. நீ ஒரு மூட்டையாவது தூக்கியிருக்கியா?" சிரித்தான். நடுவில் மூச்சு வாங்கியது. காத்திருந்தேன். "பீடிய விட்டு இருவது நாளாச்சு. டாக்டரம்மா கேட்டா சொல்லு." பிறகு, "அதப் படிச்சுக் காட்டேன். சும்மாதான உக்காந்திருக்கேன்."

ஒரு வரி விடாமல், முதலிலிருந்து படித்தேன். லாரிக்குச் சிரித்தான். ரத்தம் வந்தது, 'சேர்க்க முடியாது' வந்தது. போர்வை வந்தது, இருமல் வந்தது, 'அண்ணன் மட்டும்' வந்தது. நின்றேன்.

"மேல படிடா," என்றான்.

மேலே நான் எழுதியிருக்கவில்லை.