இறந்தவரை நேரில் அறிந்தவர்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, பதினெட்டு வருடங்களுக்கு முன்னர் மன்னாரில் இறந்து அடக்கம் செய்யப்பட்ட கிறிஸ்துநாயகம், கனடாவின் பார்க்டேலில் அரசாங்க உதவிப் பணம் பெறுவோருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் நிலையத்துக்குள் நுழைந்து, இலக்கச் சீட்டு ஒன்றைக் கிழித்துக்கொண்டு ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தார். சீட்டின் இலக்கம் முப்பத்தொன்று. டொலருக்கு ஐந்து தேசிக்காய் விற்ற கடை மூன்றாகக் குறைத்த வாரம் அது. அவர் புதைக்கப்பட்ட உடுப்பிலேயே வந்திருந்தார்: கோட்டு, வெள்ளைக் கையுறை, சப்பாத்தில்லாத வெள்ளைக் காலுறை, விரல்களில் சுற்றிய செபமாலை. மூக்கிலிருந்த பஞ்சை எடுத்து, குப்பைத்தொட்டியைத் தேடிக் காணாமல், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நிலையத்தில் குப்பைத்தொட்டி இல்லை என்பது பலரும் பலமுறை எழுத்தில் கொடுத்த முறைப்பாடு.

அங்கே வேலை செய்தவள் வேரோனிக்கா. இருபத்திரண்டு வருட சேவை. அரசாங்கம் ஒரு விதியை மாற்றினால் மேசையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் துண்டை அவள் மாற்றுவாள். அந்த வருடம் துண்டுகள் கூடி, மேசை கொன்றை மரம்போலப் பூத்துக் கிடந்தது. எந்த உதவி எந்த உதவியை வெட்டும், எந்த வயதில் எது நின்று எது தொடங்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தன்னுடைய வரிப் படிவத்தை மட்டும் வருடா வருடம் பிந்தியே அனுப்புவாள். ஆட்களை இலக்கம் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை என்பது அவளுடைய கொள்கை. சீட்டு வரிசைக்குத்தான், கூப்பிடுவது பெயரைச் சொல்லி, வாய் நிறைய. அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"கிறிஸ்துநாயகம்!"

இரண்டு பேர் எழும்பினார்கள்.

ஒருவர் அறுபத்தொரு வயது அன்புராசா. ஊரில் தகப்பன் பெயர் முன்னாலும் பிள்ளையின் பெயர் பின்னாலும் வரும். 1987இல் விமான நிலையத்தில் பெயர் கேட்டபோது, பள்ளிக்கூட இடாப்பில் கூப்பிடுகிற ஒழுங்கிலேயே அவர் கிறிஸ்துநாயகம் அன்புராசா என்றார். அதிகாரி முன்னால் வந்ததை முதற்பெயர்ப் பெட்டிக்குள் எழுதினார். அன்றிலிருந்து கனடா அவரைத் தகப்பனாகவே நடத்தியது. தகப்பன் பெயரில் பல் பிடுங்கினார், தகப்பன் பெயரில் பேக்கரியில் மாமூட்டை சுமந்தார், தகப்பன் பெயரில் முதுகுத்தட்டு விலகி இயலாமை உதவிப் பணத்துக்கு வந்து சேர்ந்தார். ஒருமுறை நெடுஞ்சாலையில் வேகமாய்ப் போனதற்குத் தகப்பன் பெயரில் தண்டமும் கட்டினார். தகப்பனோ றலி சைக்கிளுக்கு மேல் ஒன்றும் ஓட்டியறியாதவர். பெயரைத் திருத்தச் சொல்லி வேரோனிக்கா வருடத்துக்கு ஒருமுறை சொல்வாள். "பாப்பம் தங்கச்சி" என்பார் அவர். பார்க்கவில்லை.

அந்த வசந்தத்தில் உதவிப் பணம் கொடுக்கும் அலுவலகம் பழைய கோப்புகளையெல்லாம் புதிய கணினிக்கு மாற்றியது. எல்லோரும் தங்கள் விபரங்களைப் புதிதாக அனுப்பவேண்டும் என்றார்கள். ஒரு சான்றிதழ் கேட்டால் லமினேட் பண்ணிய பத்தை நீட்டுவது நம்மவர் வழக்கம். பதுங்குகுழிக்குள்ளும் கோப்புறையை மார்போடு அணைத்துக் கொண்டு ஓடிய சனம். அன்புராசா தன் பிறப்பு, திருமுழுக்கு, பேக்கரியில் பெற்ற தீயணைப்புப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றோடும் தகப்பனின் மரணச் சான்றிதழையும் தூக்கிவந்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவள் வேரோனிக்கா. "கிடக்கட்டும் அண்ணை, எதுக்கும் வையுங்கோ" என்றாள். கணினி அதைத்தான் முதலில் வாசித்தது. மூன்றாம் கிழமை அன்புராசாவுக்குக் கடிதம் வந்தது: உங்களுடைய மறைவுக்கு எங்களுடைய ஆழ்ந்த அனுதாபங்கள்; உங்கள் கொடுப்பனவும் மருந்து அட்டையும் நிறுத்தப்படுகின்றன.

அன்றிலிருந்து கடைகளின் தானியங்கிக் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. கைகாட்டினால் தண்ணீர் வரும் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. வேறு யாராவது வரும்வரை வாசலில் நின்று, அவர்களுக்குப் பின்னால் நுழைந்து அரிசி வாங்கப் பழகிக்கொண்டார். அலுவலகத்துக்கு நேரில் போய் உயிரோடு நின்றும் பார்த்தார். முகப்பில் இருந்த பெண் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, கிறிஸ்துநாயகம் இறந்ததற்குச் சான்றிதழ் இருக்கிறது, அன்புராசா உயிரோடிருக்கலாம், ஆனால் அன்புராசாவுக்கு எங்களிடம் கோப்பு இல்லை என்றாள். வாடகை இரண்டு மாதம் நின்றுபோனது. ஜூலை முதலாம் திகதி பதினான்காம் மாடி அறையைவிட்டு வெளியேறவேண்டும். இதைச் சொல்லத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்திருந்தார்.

"ரெண்டு பேர் எழும்பினா நான் ஆரைப் பாக்கிறது?" என்றாள் வேரோனிக்கா.

"கூப்பிட்டது என்னை," என்றார் ஜன்னலோரத்துக்காரர். "முப்பத்தைஞ்சு வருசமாக் கூப்பிடுறியள். ஆசுப்பத்திரியில கூப்பிடுறியள், கோர்ட்டில கூப்பிடுறியள். உயிரோட இருக்கேக்கையே காதுக்கை இரைஞ்சது. டொக்டர் காதுக்குத் துளிமருந்து தந்தவர். செத்தாப்பிறகும் நிக்கேல்லை. சரி, என்னதான் வேணுமாம் எண்டு கேட்டிட்டுப் போவம் எண்டு வந்தனான்."

அன்புராசா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். 2004இல் அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. சாவீட்டை வீடியோவில்தான் பார்த்தார். தகப்பனின் கோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உந்தக் கோட்டு வீடியோவில கறுப்பாத் தெரிஞ்சது, அப்பா" என்றார்.

"கடும் நீலம். கொண்ணன்ரை கலியாணக் கோட்டு. கை நீளம் காணாது." கிறிஸ்துநாயகம் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மெலிஞ்சு போனாய்."

வரிசையில் நின்ற பாலேஸ்வரி அன்ரிக்குப் பொறுமை போய்விட்டது. "செத்தவையெண்டாலும் நம்பர் எடுத்து வரட்டும். நான் ஒன்பது மணியிலயிருந்து நிக்கிறன்."

"எடுத்தனான் பிள்ளை," என்று அவர் முப்பத்தொன்றை நீட்டிக் காட்டினார். அதன் பிறகு ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

வேரோனிக்காவுக்கு யோசனை உடனே வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு இலகுவான ஒரு கேஸ் அவளுக்குக் கிடைத்ததில்லை. உயிருடன் இருப்பதற்கான உறுதிமொழி என்று ஒரு படிவம் உண்டு. கிறிஸ்துநாயகம் என்பவர் நேரில் தோன்றி 'உயிருடன் இருக்கிறேன்' என்ற பெட்டியில் புள்ளடி போட்டுக் கையெழுத்து வைத்தால் அலுவல் முடிந்தது. ஆள் அசல், பெயர் அசல். படிவத்தை நீட்டினாள். அவர் அதை முழுவதும் வாசித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"உதில நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

மன்னார்க் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். நிவாரண அரிசிக்கு இல்லாத பிள்ளையை இருப்பதாக எழுதச் சொல்லி இயக்கமும் வந்து நின்றது, இராணுவமும் வந்து நின்றது, சொந்த மச்சானும் வந்து நின்றார். ஒருவருக்கும் எழுதவில்லை. மச்சான் அதற்குப் பிறகு கதைக்கவுமில்லை.

"அப்பா, ஒண்டாம் திகதி என்னை வெளியால விடப்போறாங்கள். ஒரு புள்ளடி."

"பொய்ப் புள்ளடி."

"செத்த உங்களை ஆர் இனி மறியலில போடப்போறது?"

"அதுதான் சொல்லுறன். உயிரோட இருக்கேக்கை பயத்தில பொய் எழுதேல்லை எண்டு சனம் நினைச்சிருக்கும். இப்ப எழுதினா அதுதான் உண்மையாப் போகும்."

அன்புராசா கோபித்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

கிறிஸ்துநாயகம் படிவங்களின் முழுக் கட்டையும் கேட்டு வாங்கினார். பதினேழு பக்கம். கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் தொட்டு வாசித்தார். மத்தியானமானது, சனம் வந்தது, போனது. "உதை எழுதினவன் ஒருநாளும் வரிசையில நிண்டிருக்கமாட்டான்" என்று ஒருதரம் சொன்னார். மூன்று மணிக்குப் பதினான்காம் பக்கத்தில் விரல் நின்றது. இறந்தவர் பற்றிய தகவல்களில் திருத்தம்: இறந்தவரை நேரில் அறிந்த ஒருவரால் நிரப்பப்பட வேண்டும். வேரோனிக்கா அந்தப் பக்கத்தை ஆயிரம் தடவை கடந்து போயிருப்பாள்; ஒருநாளும் நின்று வாசித்ததில்லை. அவர் தன் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். பதினெட்டு வருடம் மண்ணுக்குள் இருந்த மை, உதறியதும் எழுதியது.

இறந்தவருடன் உங்கள் உறவு? நானே. எவ்வளவு காலமாக அவரை அறிவீர்கள்? எண்பத்தொன்பது வருடங்கள், இறந்தபின் பதினெட்டு உட்பட. மேலதிகக் குறிப்புகள் என்ற இடத்தில், கச்சேரி ஆங்கிலத்தில், கோணாத எழுத்தில் எழுதினார்: இறந்தவன் நான். என் மகன் அன்புராசா இறக்கவில்லை. ஆகையால் தயவுகூர்ந்து இனிமேல் அவனை அவனுடைய பெயராலேயே கூப்பிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அலுவலகத்தின் முகப்பில் இருந்த பெண் மறுநாள் அதை வாங்கிப் பார்த்தாள். எல்லாப் பெட்டிகளும் நிரப்பப்பட்டிருந்தன, திகதி இருந்தது, கையெழுத்து இருந்தது. அடையாளத்துக்கு அவர் தன் மரணச் சான்றிதழைக் காட்டினார். அதில் பெயர் பொருந்தியது. அவள் முத்திரை குத்தினாள். பதில் வர ஒன்பது வேலை நாட்களாகும் என்றாள்.

அந்த நாட்களில் கிறிஸ்துநாயகம் மகனோடு பதினான்காம் மாடியில் தங்கினார். சாப்பிடவில்லை, படுக்கவுமில்லை. ஜன்னலுக்குக் கீழே தெரிந்த ஏரியைக் காட்டி, எந்தக் கடல் என்று கேட்டார். கடலில்லை, உப்பில்லை என்று சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சாவீட்டுக்கு வரமுடியாமல் போனதைப் பற்றி அன்புராசா நாலு நாள் வாயெடுத்து, நாலு நாளும் தேத்தண்ணியைப் பற்றிக் கதைத்து முடித்தார். ஐந்தாம் நாள் தகப்பனே சொன்னார்: "கோவமில்லையடா. வீடியோக்காரன் எல்லாரையும் விலத்திப்போட்டு முன்னுக்கு நிண்டவன், கனடாவில மகன் வடிவாப் பாக்கோணுமெண்டு. கொம்மாவுக்குக்கூட என்ரை முகம் அவ்வளவு தெரிஞ்சிராது." அன்புராசா அன்றைக்கு அழுததாக அவரே பிறகு வேரோனிக்காவிடம் சொன்னார். பிறகு கடையில் கைகாட்டும் குழாயில் முகம் கழுவப் போனபோது தண்ணீர் வந்ததாம்.

ஒன்பதாம் வேலை நாள் மத்தியானம் கடிதம் வந்தது. அன்புராசா என்ற பெயரில் புதிய கோப்பு, புதிய மருந்து அட்டை, நின்றுபோன மாதங்களுக்கான பணம். ஜூலை முதலாம் திகதி வீட்டுக்காரன் வந்து, வாடகையை வாங்கிக்கொண்டு, ஜன்னலோரம் நின்றவருக்கும் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனான்.

போவதற்கு முன் கிறிஸ்துநாயகம் நன்றி சொல்ல நிலையத்துக்கு வந்தார். வேரோனிக்கா அப்போதுதான், அங்கே தன் தகப்பனைக் கண்டீர்களா என்று கேட்டாள். அவளுடைய தகப்பன் சந்தியோகுவை 1990இல் ஒரு சோதனைச் சாவடியில் லொறியிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு எந்த இடாப்பிலும் அவர் இல்லை. அவளையும் கனடா முதலில் சந்தியோகு என்றுதான் கூப்பிட்டது. 1998இல் பணம் கட்டித் திருத்திக்கொண்டாள். நல்ல பிள்ளை, ஒழுங்கான பிள்ளை. அதோடு உலகத்தில் அந்தப் பெயரை ஒருவரும் கூப்பிடாமற் போனார்கள் என்பது இந்த மூன்று கிழமைக்குள்தான் அவளுக்கு உறைத்தது.

"அங்கை வாற ஆக்களைப் பதியிற வேலை என்னட்டைத்தான்," என்றார் கிறிஸ்துநாயகம். "நல்ல எழுத்துக்காரர் அங்கையும் குறைவு. உந்தப் பேர் நான் பதியேல்லை, பிள்ளை."

"அப்பிடியெண்டால் உயிரோடையோ, ஐயா?"

"பதியேல்லை எண்டு மட்டும்தான் என்னாலை சொல்லலாம். அதுக்கு மேலை ஒரு சொல் சொன்னா அது பொய்."

கதை பரவியது. பெயர் திருத்தப் படிவம் வாங்கிப் போனவர்கள் நிரப்பாமல் வைத்துக்கொண்டார்கள். அஜக்ஸிலும் ஒஷாவாவிலும் பெரிய வீடு வாங்கிப் போனவர்கள்கூட, எப்போதோ தூக்கியெறிந்த தகப்பன் பெயரை மறுபடி முன்னால் போட வழியுண்டா என்று தொலைபேசியில் கேட்டார்கள். சிலருக்குத் தகப்பன்மார் வந்தார்கள். சிலருக்குக் காத்திருக்கும் அறையில் ஒரு செருமல் மட்டும் கேட்டது. கதிரை போதாமல் நிலையம் பத்துக் கதிரை புதிதாக வாங்கியது. குப்பைத்தொட்டி வாங்கவில்லை.

கிறிஸ்துநாயகத்தின் விடயம் அதோடு முடியவில்லை. படிவம் சமர்ப்பித்த எவருக்கும் கோப்பு திறக்கவேண்டும் என்பது அலுவலகத்தின் விதி. அவருக்கும் திறந்துவிட்டார்கள். கோப்பு இருந்தால் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு உண்டு. கடிதம் மகனின் முகவரிக்கு வரும். வந்த கிழமையே அவரும் வந்துவிடுவார். 2023இல் வந்தார், 2024இல் வந்தார். தேவையான பத்திரம் அத்தனையும், தேவையில்லாத ஒன்றும் இல்லாமல், கொண்டுவரும் ஒரேயொரு வாடிக்கையாளர் அவர்தான். அன்புராசா புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். அது கடிக்கிறதென்று கையில் கொண்டு திரிந்தார்.

2025இல் வந்தபோது வேரோனிக்காவின் தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் உட்கார்ந்ததும், அவள் கேட்குமுன், "இந்த வருசமும் பதியேல்லை, பிள்ளை" என்றார். அவள் நன்றி சொன்னாள். பிறகு படிவத்தை எடுத்து, எல்லோரிடமும் கேட்கும் ஒழுங்கில் கேட்டாள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் முகவரியில் மாற்றம்? இல்லை. வருமானத்தில்? இல்லை. குடும்ப நிலையில்? இல்லை. அவள் ஒவ்வொன்றாக எழுதினாள்.

"உமக்கு?" என்று கேட்டார் கிறிஸ்துநாயகம்.

"எனக்கும் இல்லை, ஐயா."

அவர் தலையை ஆட்டினார். அவள் அடுத்த வருடத்துக்கான திகதியை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். அவர் அதை இருதரம் வாசித்து, பிழையில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, சட்டைப்பையில் வைத்து எழும்பினார். வேரோனிக்கா இடாப்பைப் பார்த்து அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.