மீனுக்குப் போட்ட சீஸ்

எங்கள் ஊருக்குக் குடிநீர் ஏரியிலிருந்து வருகிறது. மணலில் வடிகட்டுவதற்கு முன் அதில் கொஞ்சம் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் ஓடும். தொட்டியில் நான்கு ட்ரவுட் மீன்கள். தண்ணீரில் விஷம் இருந்தால் அவை நீந்தாமல் நின்றுவிடும். ஏரிக் குழாய் தானாக மூடிக்கொள்ளும். எட்டு விஞ்ஞானிகளின் வேலையை நால்வரும் சம்பளமில்லாமல் செய்தார்கள். இயந்திரம் போடும் தீனி தவிர வேறெதுவும் அவற்றுக்குக் கொடுக்கக் கூடாது.

அன்று ஆகஸ்ட் ஒன்று, எங்கள் நாட்டின் தேசிய தினம். வெயிலில் ஜன்னல் பூச்செடிகள் தண்ணீர் கேட்டுக் கதறியது நான் வேலை பார்க்கும் குடிநீர் நிலையம் வரை கேட்டது. நாடே விருந்து சாப்பிடும்போது இவர்களுக்கு மட்டும் தூள் தீனியா? என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு துண்டு சீஸ் போட்டேன். சரி, பாதி டப்பா.

அரை மணியில் நான்கும் வயிறு புடைக்க அடியில் படுத்துவிட்டன. அபாயச் சங்கு அலறியது, குழாய் மூடியது. ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் மேட்டுத் தொட்டியில் இருந்தது மூன்று மணி வரைதான் தாங்கும்.

தலைமைப் பொறியாளர் ரெகுலா ஓடி வந்தாள். "ரெண்டு மணிக்குள்ள காரணம் தெரியலைன்னா, குழாய்த் தண்ணிய குடிக்காதீங்கன்னு ரேடியோவுல சொல்லிடுவேன்."

"தலைவி, விஷமெல்லாம் இல்ல. நான்தான் சீஸ் போட்டேன்."

"போன வாரம் ட்ராம் நீளத்துக்கு விலாங்கு பார்த்தேன்னு சொன்னது யாருய்யா, மெல்க்கி?"

"நான்தான். அது சின்ன ட்ராம். ஆனா இது சத்தியம்!"

"சத்தியமாவே இருக்கட்டும். உன் வாய நம்பி ஒரு லட்சம் பேர் வாயில தண்ணி ஊத்த முடியாது."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. முப்பத்தெட்டு வருடம் நான் விட்ட கதைகளெல்லாம் அந்த மீன்களோடு சேர்ந்து தொட்டியடியில் படுத்திருந்தன. தொட்டி முன் முட்டி போட்டு, நீந்தச் சொல்லி மீன்களிடம் கெஞ்சினேன்.

ஒன்றரைக்கு ஒரு மீனின் பின்னாலிருந்து மஞ்சள் நூல் ஒன்று மிதந்தது. ரெகுலா அதைக் கரண்டியில் அள்ளி முகர்ந்தாள்.

"மலைச் சீஸா?"

"எட்டு மாசம் பழுத்தது, தலைவி."

பரிசோதனைக் கூடமும் தண்ணீர் சுத்தம் என்றது. அப்போதும் அவள் குழாயைத் திறக்கவில்லை. "மீன் சொல்லட்டும்."

இரண்டு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது நான்காவது குண்டனும் எழுந்து நீந்தினான். குழாய் திறந்தது. சதுக்கத்து நீரூற்று ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஊருக்கு எதுவும் தெரியாது. எனக்கு மட்டும் எச்சரிக்கைக் கடிதமும், ஓய்வு பெறும் நாள்வரை தொட்டி கழுவும் வேலையும்.

இதைக் காப்பிக் கடையில் சொன்னால் சிரிக்கிறார்கள். இந்த ஒரு கதையில் நான் எதையும் கூட்டவில்லை. குறைத்துத்தான் சொன்னேன்: போட்டது முழு டப்பா.