பதின்மூன்று நாள் தேங்காயெண்ணெய்

போன ஜூலைக் குளிரில், ஒரு வியாழக்கிழமை விடிய, நோபல் பார்க்கில் எங்கள் குசினிச் சிங்கின் பைப் உறைந்துவிட்டது. மெல்பேணில் பைப் உறையாது என்று சொல்லுவீர்கள். எண்பத்தெட்டாம் ஆண்டுக் குளிரைக் காணாதவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். அந்த வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்த அருந்தவன் தும்மினால், தும்மல் மேசையில் விழுந்து உடைகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். நான் பொய் சொல்வதில்லை.

சிங்கில் அரைவாசிக்குத் தண்ணீர் நின்றது. இறங்க மாட்டேன் என்றது. என் மனைவி விமலாதேவி பதின்மூன்று நாள் சிட்னியில் மகள் நிரூபாவோடு நின்றுவிட்டு அன்று மத்தியானம் வருகிறாள். இங்கேதான் சிக்கல்.

என் நெஞ்சுக் குழாயில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து வீட்டில் பொரியல் இல்லை. விமலா அப்போதே சொல்லிவிட்டாள். "இனி நீங்கள் எண்ணெய்ச் சட்டி வைச்சது தெரிஞ்சுதோ, இந்த வீட்டை வித்துப்போட்டு பென்டில் ஹில்லிலை நிரூபாவின்ரை கண்ணுக்கு முன்னாலை கொண்டுபோய் இருத்துவன்." சும்மா வெருட்டுகிறாள் என்று நினைக்கக் கூடாது. கண் டொக்டர் ஒரு சொல் சொன்னதற்கு, அந்தக் கிழமையே என் காரை விற்றவள்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆனந்தராஜாவுக்கு ஃபோன் அடித்தேன். முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பார்த்தவன். எதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பான். வந்து சிங்கைப் பார்த்தான்.

"ஐஸ் பிடிச்சிட்டுதடா," என்றேன்.

"எனக்கேன் சொல்லுறாய்? அவவுக்குச் சொல்லிப் பழகிறியோ?"

நான் கேத்திலைச் சுட வைத்தேன்.

"மச்சான், இது ஐஸ் இல்லை. நாங்கள் பொரிச்சது."

உண்மைதான். விமலா விமானம் ஏறின அன்றே அவன் ஒரு பை மோர்மிளகாயோடு வந்துவிட்டான். பதின்மூன்று நாளும் பொரித்தோம். மோர்மிளகாய், பாகற்காய், வாழைக்காய், கருவாடு, எல்லாம் தேங்காயெண்ணெயில். மிஞ்சின எண்ணெயை எங்கே ஒளிப்பது? குப்பை வாளியை விமலா கிளறுவாள். தோட்டத்தில் ஊற்றினால் புல் கருகிக் காட்டிக்கொடுக்கும். ஆகவே சிங்கில் ஊற்றினோம். கொஞ்சம் குளிர்ந்தாலே தேங்காயெண்ணெய் மெழுகு மாதிரி இறுகும் என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த இரண்டு கிழவர்களுக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஏனென்றால் இது முதல் தடவை இல்லை.

எண்பத்தெட்டில் நாங்கள் ஆறு பேர், இங்கிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு பலகை வீட்டில் இருந்தோம். ஹீட்டர் இல்லை. பொரிக்கிற தாச்சிச் சட்டிதான் ஹீட்டர். ஃபக்டரியால் வந்து ஜக்கெட்டைக் கூடக் கழற்றாமல் எண்ணெய்த் தாச்சியைச் சுற்றி ஆறு பேரும் கையை நீட்டிக்கொண்டு நிற்போம். வெறுமனே எண்ணெயைக் காய வைத்தால் வீண் என்று அருந்தவன் எதையாவது உள்ளே போடுவான். அப்படித்தான் எங்களுக்குப் பொரியல் பழகியது. பசிக்காக இல்லை, குளிருக்காக.

ஓகஸ்டில் பைப் அடைத்தது. வெளிநாட்டில் பைப் உறையும் என்று கேள்விப்பட்டிருந்தோம், எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது. ஊருக்குக் கடிதம் கூடப் போட்டோம். வீட்டுக்காரக் கிரேக்கக் கிழவர் வந்து பைப்பை இரும்பறுக்கிற வாளால் அரிந்தார். உள்ளேயிருந்து ஆறடி நீளத்தில் வெள்ளையாக ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. அதில் திரி போட்டு அவர் தங்கள் தேவாலயத்தில் ஏற்றினார். மூன்று வருஷம் எரிந்தது. கடைசி வரைக்கும் கருவாட்டு மணம்.

"ஆறடி இல்லை, அரை அடி," என்று இப்போதும் திருத்துவான் ஆனந்தராஜா. அந்த ஆறு பேரில் இன்று அவனும் நானும்தான் மிச்சம். அருந்தவன் போன ஜூலைக்கு நாலு மாதம் முந்தி, மார்ச்சில் போய்ச் சேர்ந்தான். எனக்குத்தான் கணக்குச் சரியாகத் தெரியும், ஆறடிதான்.

இந்த முறை நாங்கள் இருவரும் கேத்தில் கேத்திலாகச் சுடுதண்ணீர் ஊற்றினோம். சிங்க் நிறைந்ததுதான் மிச்சம். பிறகு சிங்கின் ஓட்டைக்கு அடைப்பானைப் போட்டுவிட்டு வெளியே போனோம். சிங்கின் பைப் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, நிலத்தோடு இருக்கிற சாக்கடைக் கான் வாய்க்கு இறங்குகிறது. விமலா தலைமயிர் காயவைக்கிற மெஷினை நீள வயரில் கொண்டுவந்து ஆனந்தராஜா பைப்புக்குச் சூடு பிடித்தான். நான் பைப்பை இணைக்கிற பூட்டைக் கழற்றினேன்.

"கெதியாய்ப் பிடியடா, இரண்டு மணிக்கு வந்திடுவா."

"குழந்தைக்குத் தலை துடைக்கிற மாதிரி இருக்கு மச்சான்."

"கதையாதை, பிடி."

ஒரு முனகல் சத்தம். பிறகு அது வெளியே வந்தது. வெள்ளை வெளேரென்று, என் கை மொத்தத்தில், மெதுவாக, அவசரமே இல்லாமல் வந்து புல்லில் படுத்தது.

"இதென்ன?"

விமலா. கையில் பெட்டியோடு வீட்டு மூலையில் நின்றாள். விமானம் நேரத்துக்கு முந்தியே இறங்கிவிட்டதாம்.

"ஐஸ்," என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள், மணந்தாள்.

"ஐஸுக்குள்ளை கறிவேப்பிலை கிடக்குது."

"குளிர் காலத்திலை எல்லாம் உறையுமாம் அன்ரி," என்றான் ஆனந்தராஜா. அவளைவிட ஏழு வயது மூத்தவன். பயத்தில் அன்ரி என்றுவிட்டான்.

"எத்தினை நாள்?"

"பதின்மூண்டு," என்றேன். இனி மறைத்து என்ன. "அருந்தவன் செத்த பிறகு வாயிலை ஒண்டும் ருசிக்கேல்லை. அந்த வீட்டுச் சாப்பாடு ஒருக்காச் சாப்பிடலாமெண்டு..."

"ஒருக்காவோ?"

வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நடுகிறதைக் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன். விமலா வெள்ளைக் கட்டியைப் பார்த்தாள், கழற்றின பைப்பைப் பார்த்தாள்.

"நிரூபாவின்ரை வீட்டிலை பைப்பெல்லாம் கொங்கிறீற்றுக்குக் கீழாலை போகுது," என்றாள் கடைசியில். "நீங்கள் அங்கை போய் இந்த வேலையைப் பார்த்தால் வீட்டை உடைச்செல்லோ எடுக்கவேணும். இஞ்சையே கிடவுங்கோ. நாளைக்கு டொக்டரிட்டைப் போறம். இதை நீங்களே உங்கடை வாயாலை அவருக்குச் சொல்லுங்கோ."

பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் இருவரும் நிலத்தில் குந்தியிருந்து பைப்பைத் திரும்பப் பூட்டத் தொடங்கினோம். ஆனந்தராஜா என் காதுக்குள் கேட்டான்: "மச்சான், அடுத்த முறை எப்ப சிட்னிக்குப் போறாவாம்?"

தலைக்கு மேலே குசினி யன்னல் திறந்திருந்தது. சிங்கில் நின்ற தண்ணீர் முழுவதும் அந்த நேரம் பார்த்து இறங்கி, பூட்டு இறுகாத பைப்பால் பாய்ந்து, எங்கள் இருவரின் மடியிலும் நிறைந்தது. அது தானாக இறங்கினதா, ஆரும் அடைப்பானை இழுத்துவிட்டார்களா என்று நான் இன்று வரைக்கும் கேட்கவில்லை.