நான் முழங்கைக் கட்சி

எனக்குப் பிடித்த ஜாஸ் கிதார்காரர் யார் என்பதை என் கணவர் முடிவு செய்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மின்னல்னு சொல்லு," என்றார், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே. "யார் கேட்டாலும் மின்னல். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மின்னல்."

அவர் ஒரு பெரிய ஹோட்டலில் லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பவர். லிஃப்டுக்குள் நின்று பேசுகிறவர்கள், தலைக்கு மேலே ஒரு மனிதர் ஸ்பேனரோடு குந்தியிருப்பார் என்று நினைப்பதில்லை. அதனால் அந்த ஹோட்டலில் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. ஹோட்டலின் இசைக்குழுவில் கிதார் வாசித்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், இடம் காலி என்ற செய்தியும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அந்த இடம் எனக்கு வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பகல் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். ஃபிரேமுக்குள் உட்காரும்வரை தேய்க்க வேண்டும், மயிரிழை அதிகமானால் குப்பைக்கூடைக்குப் போகும். வீட்டுக்கு வந்தால் துணி காயப்போடும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிதார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே கதைதான். மேடையில் எனக்கென்று ஒரு நாற்காலி வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் ஊரில் சம்பளம் கொடுத்து ஜாஸ் வாசிக்கச் சொல்கிற குழு அது ஒன்றுதான். இந்த வயதில் இதுவும் கைநழுவினால் அப்புறம் காயும் துணிகள்தான் எனக்கு ரசிகர்கள்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதன் தலைவர் சாக்ஸபோன் வாசிப்பவர், எல்லோரும் கேப்டன் என்பார்கள். கிதார் வாசிக்க யார் வந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: உங்களுக்குப் பிடித்த ஜாஸ் கிதார்காரர் யார்? ஒரே ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு அவரைப் போலவே இரண்டு நிமிடம் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். பரீட்சை அவ்வளவுதான்.

மின்னல் என்பது பட்டப்பெயர். அந்த மனிதரின் விரல்கள் ஓடுகிற வேகத்தில் நமக்கு மூச்சு வாங்கும். கேப்டனுக்கு அவர் என்றால் உயிர். இதுவும் லிஃப்டில் விழுந்த தகவல்தான்.

"எனக்கு மின்னல் பிடிக்காது," என்றேன்.

"பிடிக்கணும்னு யாரு சொன்னா? பேரைச் சொன்னா போதும்."

"அவரை மாதிரி வாசிக்கவும் செய்யணுமே."

"அதெல்லாம் நீ வாசிப்பே. அன்னைக்கு வாசிச்சியே, பக்கத்து வீட்டுக்காரர்கூட வந்து நின்னாரே."

"அவரு சத்தம் தாங்காம சண்டைக்கு வந்தாருங்க."

வாசிக்க வரும் என்பதுதான் வம்பே. வராது என்றால் தப்பித்திருப்பேன். ஆனால் எனக்குப் பிடித்தவர் வேறொருவர். பெரிய இசைக்குழு ஒன்றில் வாழ்நாள் முழுவதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நாலைந்து தந்திகளைச் சேர்த்து அழுத்தி, தாளத்துக்குத் தாளம் கார்டுகளை மீட்டிக்கொண்டே இருந்தவர். தனக்கென்று ஒரு சுற்று வாசித்ததில்லை. கிதாரை மின்சாரத்தில் இணைத்ததும் இல்லை. இசைத்தட்டு உறையில் டிரம்ஸுக்குப் பின்னால் அவருடைய முழங்கை மட்டும் தெரியும். ரசிகர்கள் அவருக்கு முழங்கை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரசிகர்கள் என்றால் பெருங்கூட்டம் ஒன்றுமில்லை, நானும் இன்னும் இரண்டொருவரும்.

"நான் முழங்கைக் கட்சி," என்று கணவரிடம் சொன்னேன்.

"அந்த ஆளு வாசிக்கிறது என் காதுலயே விழல," என்றார் பரிதாபமாக.

மின்னல்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். நானும் கடைசியில் சரி என்றேன். ஆசை பெரிதாக இருக்கும்போது கட்சி மாறுவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

பரீட்சை ஹோட்டலின் நடன மண்டபத்தில், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு. விளக்கில்லாமல் பார்த்தால் மண்டபம் தூங்கி எழுந்த முகம்போல இருந்தது. ஓரமாக நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். குழுவினர் மேடை விளிம்பில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ்காரரும், ஆளுயரப் பிடில்போல் நிற்கிற பாஸை வாசிக்கும் பாஸ்காரரும் மட்டும் ஆளுக்கொரு மூலை. டிரம்ஸ் தாளத்தை முந்தி ஓடுகிறது என்று பாஸ்காரர் சொல்ல, பாஸ்தான் பின்னால் இழுக்கிறது என்று டிரம்ஸ்காரர் சொல்ல, இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. முன்பிருந்த கிதார்காரர் ஊரை விட்டுப் போனதே இவர்களுக்கு நடுவில் உட்கார முடியாமல்தான் என்று கேள்வி.

எனக்கு முன்னால் மூன்று பேர். முதலில் ஒரு வக்கீல் போனார். பிடித்தவர் யார் என்றதும் "மின்னல்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்து ஒரு தாடிக்காரர், அவரும் மின்னல். மூன்றாவது ஆள் கேள்வி முடிவதற்குள்ளேயே மின்னல் என்றார். மூன்று பேரும் இரண்டிரண்டு நிமிடம் தந்திகளின் மேல் விழுந்தடித்து ஓடினார்கள். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரைத்த மாவையே அரைப்பதைக் கேட்டு டிரம்ஸ்காரர் வெளிப்படையாகவே கொட்டாவி விட்டார்.

மண்டபத்துக்கு எதிரே லிஃப்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பழுதுபார்க்கிற பாவனையில் என் கணவர் நின்றார். போய்ப் பிடித்தேன்.

"இவங்களுக்கு எல்லாம் யாருங்க சொன்னது?"

"மேல வரும்போது ரொம்பப் பதற்றமா இருந்தாங்க," என்றார் தரையைப் பார்த்தபடி. "பாவமா இருந்துச்சு."

ஹோட்டல் ரகசியம் முழுவதும் ஏன் ஊருக்கே தெரிகிறது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையேறி உட்கார்ந்தேன். கேப்டன் கோப்பையைக் கீழே வைத்தார். "சொல்லுங்க. நீங்களும் மின்னல்தானே?"

அந்த "நீங்களும்" என்னைச் சுட்டது. நாக்கு நுனியில் தயாராக இருந்த பெயரை விழுங்கினேன்.

"இல்ல சார். முழங்கை."

சிரித்த சிரிப்பில் டிரம்பெட்காரருக்குக் காபி புரையேறியது. லிஃப்டின் பக்கத்திலிருந்து ஏதோ இரும்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"எனக்கு மின்னல்தான் எல்லாம்," என்றார் கேப்டன். "அதை மறைக்க மாட்டேன். சரி, முழங்கையை மாதிரி ரெண்டு நிமிஷம் வாசிங்க பாப்போம்."

"தனியா வாசிக்க முடியாது சார்."

"இங்க தனியாத்தான் வாசிக்கணும்."

"அவரு ஒரு நாளும் தனியா வாசிச்சதில்ல. நான் தனியா வாசிச்சா அது அவரா இருக்காது. நீங்க எல்லாரும் வாசிங்க."

"பரீட்சை உங்களுக்கா, எங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்னு வெச்சுக்கங்களேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இந்த வாயால் நான் கெட்டது இது முதல் தடவை அல்ல.  கேப்டன் சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். முனகிக்கொண்டே மற்றவர்களும் எழுந்தார்கள்.

நான் நாற்காலியை இழுத்து டிரம்ஸுக்கும் பாஸுக்கும் நடுவில் போட்டேன். கிதாரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினேன். கேப்டன் எண்ணிக் கொடுத்தார், தொடங்கினோம்.

முதல் சுற்றில் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை. டிரம்ஸ்காரர் எடுத்த எடுப்பில் ஓடினார். பாஸ்காரர் வேண்டுமென்றே பின்தங்கினார். நான் யார் பின்னாலும் போகவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு, அதே இடத்தில், அதே அழுத்தத்தில். சத்தமாக என்று கேப்டன் கையைத் தூக்கிக் காட்டினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணிக்கட்டு வலித்தது. போச்சு, நாற்காலி போச்சு என்று மனம் ஒரு பக்கம் புலம்பியது. கையை மட்டும் மாற்றவில்லை.

முதலில் என் தாளத்துக்கு வந்தவர் பாஸ்காரர். காதை என் பக்கம் சாய்த்தார், விரல்கள் என் கார்டுக்குள் வந்து பொருந்தின. பக்கத்தில் ஏதோ நடக்கிறது, தனக்குக் கேட்கவில்லை என்பது டிரம்ஸ்காரருக்குப் பொறுக்கவில்லை. கேட்பதற்காகக் குச்சியை மெல்லத் தட்டினார். மெல்லத் தட்டியதும் ஓட்டம் நின்றது. டிரம்ஸ் இறங்கியதும் பியானோ இறங்கியது. மேடை மொத்தமும் ஒரே நடையில் நடக்கத் தொடங்கியது.

கேப்டன் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். இழைத்து இழைத்து, அவசரமே இல்லாமல், நின்று, சிரித்து, மறுபடி தொடங்கி வாசித்தார். கால் வைக்கிற இடத்தில் தரை இருக்கும் என்று நம்புகிறவர் வாசிக்கிற வாசிப்பு அது. அந்தத் தரையை நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை சுற்று போனது என்று யாரும் எண்ணவில்லை. துடைப்பான் பிடித்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். வக்கீலும் தாடிக்காரரும் போகாமல் நின்றார்கள்.

முடிந்ததும் பாஸ்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார், அதுவும் டிரம்ஸ்காரரைப் பார்த்து.

"இன்னைக்கு நீ ஓடலையே."

"எங்க ஓட விட்டாங்க?" என்று அவர் என்னைக் காட்டினார். வாயெல்லாம் பல்.

கேப்டன் சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டே அருகில் வந்தார். "நான் இப்படி வாசிச்சு ரொம்ப நாளாச்சு," என்றார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. எனக்குப் பிடிச்சவர் இப்பவும் மின்னல்தான்."

"தாராளமா சார். சாயங்காலம் எத்தனை மணிக்கு வரணும்?"

அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆறு மணிக்கு. கறுப்பு டிரஸ்லதான் மேடை ஏறணும். இருக்கா?"

"இல்ல," என்றேன். "ஆறு மணிக்கு இருக்கும்."